மேடையா, வகுப்பா, வேலையா? மிருதங்கக்காரர் முதலில் மாலை ஆறு மணியைக் கணக்கில் வைக்க வேண்டும்

போன மாதம் என்னிடம் பத்து வருடம் மிருதங்கம் படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். இசைக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டான், வானொலிக் கலைஞர் தேர்வில் பி கிரேடு வாங்கிவிட்டான், வயது 23. தனியார் பள்ளி ஒன்றில் மிருதங்க ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு நாட்டியப் பள்ளியில் நிரந்தரமாக வாசிக்கக் கூப்பிடுகிறார்கள். அப்பா மொட்டை மாடியில் கூரை போட்டுத் தருகிறேன், வகுப்பு ஆரம்பி என்கிறார். அவனுக்கோ கச்சேரி வாசிக்க வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. "எதை எடுத்துக்கறது சார்?" என்று கேட்டான். ஒரு மணி நேரம் பேசினோம், பேசி முடித்த பிறகும் எனக்கு அது ஓடிக்கொண்டே இருந்ததால் எழுதுகிறேன். இந்தக் கேள்வியோடு நிற்கிற பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களுடைய அப்பா அம்மாவும் இருக்கிறார்கள்.

பெரும்பாலும் இதை வருமானம் எவ்வளவு என்ற கேள்வியாகத்தான் பார்க்கிறார்கள். எதில் அதிகம் வரும், எதில் மாதா மாதம் வரும் என்று. அது தேவையான கேள்விதான், ஆனால் அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. மாலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரைக்குமான நேரத்தை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்? கச்சேரி அப்போதுதான் நடக்கிறது. பிள்ளைகள் பள்ளி விட்டு வகுப்புக்கு வருவதும் அப்போதுதான். நாட்டிய ஒத்திகை வைப்பதும் அந்த நேரத்தில்தான், இல்லாவிட்டால் சனி ஞாயிறு. நம் தொழிலின் மூன்று பிழைப்புகளும் ஒரே நான்கு மணி நேரத்துக்காகச் சண்டை போடுகின்றன. இதைப் பார்க்காமல் "கச்சேரியும் வாசிக்கலாம், வகுப்பும் எடுக்கலாம்" என்று ஆரம்பித்தவர்களில் பலர் ஐந்தாவது வருடம் ஏதோ ஒன்றை விட்டிருப்பார்கள், எதை விடுகிறோம் என்று தெரியாமலே.

முதலில் முழுநேரக் கச்சேரி. பாடுகிறவர் சபாவிடம் தேதி வாங்குகிறார், வயலினும் மிருதங்கமும் யார் என்று பெரும்பாலும் அவர்தான் சொல்கிறார். நாம் பக்கவாத்தியம். எவ்வளவு நன்றாக வாசித்தாலும் நம் நாட்காட்டியை நாமே நிரப்ப முடியாது, தொலைபேசி வர வேண்டும். இது இன்றைக்கு வந்த நிலைமை இல்லை. பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையால் வாசித்தவர், அவர் உட்கார வேண்டும் என்றால் மேடையில் வயலின்காரரின் இடமும் மாற வேண்டும், அந்த ஒரு காரணத்துக்காகவே அவருக்கு வாய்ப்புகள் தள்ளிப்போன காலம் இருந்தது. அப்பேர்ப்பட்ட கைக்கு! சென்னை மியூசிக் அகாடமி தருகிற சங்கீத கலாநிதி விருது ஒரு மிருதங்க வித்வானுக்கு முதன்முதலில் போய்ச் சேர்ந்தது 1966-ல், பாலக்காடு மணி ஐயருக்கு. மியூசிக் அகாடமி 1928-லிருந்து இருக்கிறது. அதுவரைக்கும் அந்த மேடையில் வாசித்துவிட்டுப் போன மிருதங்க மேதைகள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். பக்கவாத்தியம் என்பதை மனதார ஏற்றுக்கொள்கிறவருக்கு மட்டுமே இந்தப் பாதை. அந்த ஏற்பு இருந்தால் அதைவிட இனிமையான இடம் வேறு இல்லை என்பதும் உண்மை. நல்ல பாட்டு ஒன்றுக்கு அனுபல்லவி எடுக்கிற இடத்தில் கை தானாகக் குறைந்து, சரணத்தில் பாடகர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாரே, அதற்காக எத்தனை பஸ் வேண்டுமானாலும் ஏறலாம்.

நேரக் கணக்கைப் பாருங்கள். ஆறு மணிக் கச்சேரி என்றால் மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும். பாடுகிறவரின் சுருதி ஒன்றரைக் கட்டையா ஐந்து கட்டையா என்பதைப் பொறுத்து எந்த மிருதங்கம் என்று முடிவாகும். எப்படியும் தக்கு சுருதிக்கு, அதாவது கீழ் சுருதிக்கு ஒன்று, எச்சு சுருதிக்கு, அதாவது மேல் சுருதிக்கு ஒன்று என்று இரண்டாவது சொந்தமாக இருக்க வேண்டும். போய் இடப்பக்கத் தோலான தொப்பியில் ரவை வைத்து, கல்லையும் மரக்கட்டையையும் கையில் வைத்துக்கொண்டு சுருதி சேர்த்து, ஏசி போட்டதும் மறுபடி மாறுகிற சுருதியை மறுபடி சேர்த்து, இரண்டரை மணி நேரம் வாசித்து வீடு வந்து சேரப் பத்து மணி ஆகிவிடும். அந்த ஆறரை மணி நேரத்தில் வகுப்பு எடுத்திருந்தால் மூன்று பிரிவு முடித்திருக்கலாம். ஆரம்ப வருடங்களில் சபா தருகிற சன்மானம் பல சமயம் போக்குவரத்துக்கும் மிருதங்கத்துக்குப் புது மூட்டு (தோல்) போடுவதற்கும் சரியாகப் போகும். மார்கழி சீசனில் பகல் 12 மணிக்கும் இரண்டு மணிக்கும் வாசிக்கிற பிள்ளைகள் காசுக்காக வாசிக்கவில்லை, நாலு பேர் காதில் விழ வேண்டும் என்று வாசிக்கிறார்கள்.

அதை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். காரணம் இருக்கிறது. இருபதுகளில் இருக்கிற பாடகர்கள் அந்த வயதில்தான் தங்கள் குழுவைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பகல் கச்சேரியில் கூட வாசித்தவரைத்தான் நாளைக்கு மாலைக் கச்சேரிக்கும் கூப்பிடுகிறார்கள், பிறகு வெளிநாட்டுப் பயணத்துக்கும் கூப்பிடுகிறார்கள். அவர்கள் மேலே போகும்போது நம்மையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். 23 வயதிலிருந்து 32, 33 வரைக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது என்பது நான் பார்த்தது. அதன் பிறகு மூடிவிடும் என்று இல்லை, ஆனால் எல்லோருக்கும் அவரவர் மிருதங்கக்காரர் அமைந்துவிட்டிருப்பார். ஒருவர் இரண்டு முறை கூப்பிட்டு இரண்டு முறையும் "அன்னைக்கு வகுப்பு இருக்கு" என்று சொன்னால் மூன்றாவது முறை கூப்பிட மாட்டார். கோபம் ஒன்றும் இல்லை. நாம் வகுப்பு எடுக்கிறவர் என்று அவர் மனதில் பதிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

எனக்கு அப்படித்தான் ஆயிற்று. 24 வயதில் வீட்டு நிலைமை சரியில்லாததால் மாலை வகுப்பு தொடங்கினேன். மூன்று வருடத்தில் நாற்பது பிள்ளைகள். குடும்பம் நிமிர்ந்தது, தங்கைக்குக் கல்யாணம் நடந்தது, அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அந்த மூன்று வருடத்தில் வேண்டாம் என்று சொன்ன கச்சேரிகள் எத்தனை என்று எழுதி வைத்திருந்தால் அன்றைக்கே விழித்திருப்பேன். 32-ல் திரும்பி வந்தபோது என் வயதுப் பாடகர்கள் எல்லோரும் செட்டாகிவிட்டிருந்தார்கள். தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு சபாவில் கேட்டேன். முன்னால் இரண்டு வருடத்தில் எங்கெங்கே வாசித்தீர்கள் என்று ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். எழுத இரண்டே வரி இருந்தது.

சரி, நாட்டியத்துக்கு வாசிப்பதைப் பார்ப்போம். காசு கணக்கில் சாதாரணக் கச்சேரியைவிட இது உறுதியானது. அரங்கேற்றம் ஒன்று என்றால் அதற்கு முன் பல ஒத்திகைகள், ஒத்திகைக்கும் தனியாகத் தருவார்கள், பேசிய தொகை கைக்கு வந்துவிடும். வேலை சுலபம் என்று நினைத்துப் போகிறவர்கள் வர்ணம் என்கிற நீண்ட உருப்படியை முதல் முறை வாசிக்கும்போதே தெரிந்துகொள்வார்கள். ஜதி ஒவ்வொன்றும் மனப்பாடமாக இருக்க வேண்டும், ஜதி சொல்லித் தாளம் போட்டு நட்டுவாங்கம் செய்கிறவரின் மேல் ஒரு காது, ஆடுகிற பெண்ணின் கால் மேல் ஒரு கண், அபிநயம் வருகிற இடத்தில் கையை அடக்கத் தெரிய வேண்டும். அருமையான பயிற்சி. ஆனால் நம் உலகத்தில் ஒரு மோசமான பழக்கம் உண்டு: "அவர் டான்ஸுக்கு வாசிக்கிறவர்" என்று ஒரு முத்திரை. அது விழுந்தால் பாடகர்களிடமிருந்து வருகிற அழைப்பு குறையும். இது நியாயமே இல்லை, நாட்டியத்துக்கு நன்றாக வாசிக்கிறவர் கையில் இருக்கிற கணக்குச் சுத்தம் பல கச்சேரிக்காரர்களிடம் இருப்பதில்லை. ஆனாலும் நடக்கிறது என்பதால் சொல்கிறேன். மாதத்தில் இத்தனை மாலைதான் நாட்டியத்துக்கு என்று எல்லை வைத்துக்கொள்கிறவர்கள் இரண்டையும் ஓட்டுகிறார்கள்.

கோடையில் அமெரிக்கா, கனடா, லண்டன் அரங்கேற்றங்களுக்குக் கூப்பிடுவார்கள். ஒரு பயணத்தில் வருவது இங்கே பல மாத வருமானத்துக்குச் சமம், உண்மைதான். அமெரிக்கா என்றால் பி-3 மாதிரி கலைஞர் விசாவுக்கு அங்கே அழைக்கிறவர் மனுப் போட வேண்டும். "சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பயணத்தை விட்டுவிடுங்கள். திருப்பி அனுப்பப்பட்டால் அந்த முத்திரை பாஸ்போர்ட்டோடு பல வருடம் வரும்.

அடுத்தது வேலை. இதில் இரண்டு வகையைக் கலக்கக் கூடாது. அரசு வேலை ஒன்று: சென்னை, திருவையாறு, மதுரை, கோவை அரசு இசைக் கல்லூரிகள், மாவட்ட அரசு இசைப் பள்ளிகள், பல்கலைக்கழகத் துறைகள். கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பணி வேண்டுமானால் பொதுவாக முதுகலையும், அதோடு நெட் என்கிற தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும். யுஜிசி நெட் தேர்வில் இசைப் பாடத்துக்குள் தாளவாத்தியத்துக்குத் தனிப் பிரிவே இருக்கிறது, நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாமல் வாய்ப்பாட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். கிடைத்தால் வாழ்க்கை நிம்மதி, மாலை நேரம் உங்களுக்கு. ஆனால் காலியிடம் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது, அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது, தகுதியை வாங்கி வைத்துக்கொண்டு வேறு வேலையைப் பார்க்க வேண்டும். முன்பு வானொலி நிலையத்தில் நிலைய வித்வான் என்று ஒரு வழி இருந்தது, பெரிய பெரிய கைகள் அங்கே மாதச் சம்பளத்துக்கு வாசித்தார்கள். இன்றைக்கு அதை வைத்துத் திட்டம் போட முடியாது. கிரேடு மட்டும் வாங்கி வையுங்கள், பி, பி ஹை, ஏ, டாப் என்று ஏறுகிற அந்தப் படிகளை இன்னமும் சபாக்கள் பார்க்கின்றன.

தனியார் பள்ளி வேலை வேறு மாதிரி. பகல் எட்டரையிலிருந்து மூன்றரை வரை, ஒப்பந்தச் சம்பளம். மிருதங்க ஆசிரியர் என்று எடுத்துவிட்டு இறைவணக்கத்துக்கு கீபோர்டு வாசிக்கச் சொல்வார்கள், ஆண்டு விழாவுக்கு டிரம்ஸ் கற்றுக்கொடுக்கச் சொல்வார்கள், யாராவது லீவு போட்டால் அந்த வகுப்பில் உட்காரச் சொல்வார்கள். சேரும்போதே வாரத்துக்கு எத்தனை பீரியட், ஒரு பீரியடுக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை மிருதங்கம் இருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது பிள்ளைகளுக்கு நான்கு மிருதங்கம் வைத்திருந்த இடத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். கடைசியில் எல்லோரையும் தாளம் போட்டு, வாசிக்க வேண்டிய சொற்கட்டை வாயால் சொல்ல வைத்தேன். ஆனால் அந்த ஒரு வருடத்தில் பிள்ளைகளுக்கு லயம் நிலைத்த மாதிரி மிருதங்கம் கொடுத்து வாசிக்க வைத்த இடத்தில்கூட நிலைத்ததில்லை. வாயால் சொல்லாததைக் கையால் வாசிக்க முடியாது என்று குரு சொன்னது அங்கேதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

பள்ளி வேலையின் பெரிய லாபம் மாலை நேரம் மிச்சமாவது. பெரிய நஷ்டம், இளம் கலைஞர்களுக்குக் கிடைக்கிற பகல் கச்சேரிகள் வேலை நாளில் வருவது. டிசம்பர் நடுவில் அரையாண்டுத் தேர்வு நேரம், விடுப்பு கேட்டால் முகம் சுளிப்பார்கள். இதையும் சேரும்போதே பேச வேண்டும். "டிசம்பரில் நான்கு நாள் சம்பளம் இல்லாத விடுப்பு" என்று முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள், திடீரென்று கேட்டால்தான் பிரச்சினை.

இசைக்குச் சம்பந்தமில்லாத வேலை பார்த்துக்கொண்டு கச்சேரி வாசிப்பது இன்னொன்று. வங்கி, ஐடி, கணக்கு வேலை. அதிகம் சொல்ல வேண்டியதில்லை, வேலை ஐந்தரைக்கு முடிகிறதா என்பதுதான் கேள்வி. முடிந்தால் நல்ல வழி, பாடகரிடம் எதற்கும் கையேந்தத் தேவையில்லை, பிடிக்காத கச்சேரியை விட முடியும். மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமன் சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவர். வாசிப்புக்கு அந்தப் படிப்பு தடையாக இருந்ததா என்ன? படிப்பை நிறுத்திவிட்டு மிருதங்கம் என்று வருகிற பிள்ளைகளிடம் இதை எப்போதும் சொல்வேன்.

வீட்டு வகுப்புக்கு வருகிறேன், இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. வருமானம் கச்சேரியைவிடச் சீராக வரும் என்பது சரி, ஆனால் மாதச் சம்பளம் மாதிரி என்று நினைத்தால் ஏமாற்றம். ஜூனில் புதுப் பிள்ளைகள் வருவார்கள், நவராத்திரியை ஒட்டி ஒரு கூட்டம் வரும், ஜனவரிக்குப் பிறகு பத்தாவது பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், ஏப்ரலில் பாதிப் பேர் ஊருக்குப் போவார்கள். நாற்பது பேர் இருந்தால் ஆண்டுக் கணக்கில் முப்பது பேருக்கான பணம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் விட்டுப் போகிற பிள்ளை, ஆறு வருடம் கற்றுக்கொடுத்த பிள்ளை, கோர்வை என்கிற முடிப்புக் கணக்கெல்லாம் கையில் வந்து தனி ஆவர்த்தனம் வாசிக்கத் தயாராகிற நேரத்தில் "டியூஷன் சார்" என்று வந்து நிற்கும். இந்த வலிக்கு மனதைப் பழக்கிக்கொள்ள வேண்டும், எனக்கு இன்னும் பழகவில்லை.

வகுப்பு நம் கையை என்ன செய்கிறது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தினம் மூன்று மணி நேரம் தத் தீ தொம் நம் என்று பிள்ளைகளுக்குக் கேட்கும்படி ஓங்கி வாசித்தால் கை அந்தச் சத்தத்துக்குப் பழகிவிடுகிறது. கச்சேரியில் தேவைப்படுவது வேறு. குரலுக்குக் கீழே போகத் தெரிய வேண்டும், தொப்பியில் கும்கி என்கிற அந்த நெளியும் ஒலி எங்கே, எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதைவிடப் பெரிய இழப்பு பாட்டு. வகுப்பில் பாடம் இருக்கிறது, கீர்த்தனை இல்லை. பக்கம் வாசிக்கிறவருக்குப் பாட்டு தெரியாமல் முடியாது, எடுப்பு எங்கே, அதாவது பாட்டு தாளத்தில் எந்த இடத்தில் தொடங்குகிறது, எந்த வரியில் சங்கதி ஏறுகிறது, எங்கே நிறுத்துவார் என்று தெரிந்தால்தான் அது பக்கவாத்தியம். நான்கு வருடம் பாட்டில்லாமல் பாடம் மட்டும் வாசித்தபோது எனக்கு இது போய்விட்டது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன்: பக்கத்துத் தெருவில் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிற டீச்சரிடம் பேசி, சனிக்கிழமை தோறும் அவர்களுடைய மாணவர்கள் பாட என் மாணவர்கள் வாசிப்பது என்று வைத்தோம். முதல் அரை மணி நேரம் நான் வாசிப்பேன். பிள்ளைகளுக்கும் நல்லது, எனக்கும் வாரம் நான்கு கீர்த்தனை கையில் ஓடியது. வகுப்பு எடுக்கிற எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் கற்றுக்கொடுப்பதால் வாசிப்பு குறையும் என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர்கள் இருவரைப் பாருங்கள். டி. ரங்கநாதன், பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி, 1960-களிலேயே அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போய் மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார். திருச்சி சங்கரன் 1971-ல் டொராண்டோ யார்க் பல்கலைக்கழகத்தில், கர்நாடக சங்கீதம் பாடிய அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸுடன் சேர்ந்து இந்திய இசைக் கல்வியைத் தொடங்கி வைத்தவர், பல பத்தாண்டுகள் பேராசிரியராக இருந்தவர், 2011-ல் சங்கீத கலாநிதி. சொல்லிக்கொடுத்ததால் அவர் கை மழுங்கவில்லை, நமக்குக் கணக்குகள் தெளிவாக எழுத்தில் கிடைத்தன. மணி ஐயரே பிற்காலத்தில் ரிஷி வேலி பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். இவர்கள் எல்லோரிடமும் இருந்த ஒற்றுமை, மேடை முதலில் வந்தது, வகுப்பு பிறகு வந்தது. அந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் அந்தக் காலத்திலேயே புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் மிருதங்கம் படித்து மேடையேறியவர். அவ்வளவு காலம் ஆகியும் மிருதங்கம் வாசிக்கிற பெண்ணுக்கு அழைப்பு வருவது குறைவுதான், வந்தாலும் மகளிர் தினக் கச்சேரி, மகளிர் குழு என்றுதான் அதிகம் வருகிறது. அதனால் திறமைசாலிப் பெண்கள் சீக்கிரம் வகுப்புப் பக்கம் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது கடம் சுகன்யா ராம்கோபாலின் வழி: கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காமல் சொந்தமாகத் தாளவாத்தியக் குழு அமைத்து மேடையைத் தானே உண்டாக்கியவர். பிறர் தொலைபேசிக்குக் காத்திருப்பது யாருக்கும் கஷ்டம், பெண்களுக்கு இன்னும் கஷ்டம், ஆகவே அவர்கள் விஷயத்தில் குழு ஆரம்பிப்பது முதல் வேலை, பத்தாவது வேலை இல்லை.

இணைய வகுப்பு. என் மனம் மாறியது இதில்தான். நேரில் சொல்லிக்கொடுப்பதற்கு ஈடாகாது என்று இன்னமும் சொல்வேன், குழந்தையின் விரலைப் பிடித்து வலப்பக்கத் தோலான வலந்தலையில் சரியான இடத்தில் வைக்க முடியாது, சத்தம் தாமதமாகப் போவதால் இருவரும் சேர்ந்து வாசிக்கவே முடியாது. நான் சொற்கட்டு சொல்ல அவன் வாசிக்க வேண்டும், அவன் தாளம் போடுவதை நான் பார்க்க வேண்டும். இன்னொன்று, இந்த வீடியோ செயலிகள் மிருதங்கத்தை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும், அமைப்புகளுக்குள் போய் சத்தத்தை அப்படியே அனுப்பும் வசதியைப் போட்டால்தான் மீட்டு, சாப்பு என்ற இரண்டு அடிகளுக்கும் வித்தியாசம் கேட்கும். முதல் மூன்று மாதம் இது தெரியாமல் பிள்ளை வாசிப்பதுதான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் மணி நேரத்தைப் பாருங்கள். நமக்குக் காலை ஆறு மணி என்றால் நியூயார்க்கில் முந்தின நாள் மாலை ஏழரை அல்லது எட்டரை, கலிபோர்னியாவில் நாலரை அல்லது ஐந்தரை. அங்கே மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுவதால் அந்த ஒரு மணி வித்தியாசம். சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு மாலை ஆறு என்றால் நமக்குப் பகல் மூன்றரை. சிட்னி என்றால் நமக்குப் பன்னிரண்டரை, ஒன்றரை. ஆக, அமெரிக்காவுக்குக் காலையிலும் ஆஸ்திரேலியா சிங்கப்பூருக்கு மதியமும் எடுத்தால் மாலை முழுக்க உங்களுடையது! லண்டன்தான் ஒத்து வராது, அவர்களின் மாலை நமக்கு நடுராத்திரி, சனி ஞாயிறு மட்டும் பார்க்கலாம். இதற்கும் ஒரு விலை இருக்கிறது. காலை ஐந்து மணியிலிருந்து ஏழு வரை நாம் தனியாகப் பயிற்சி செய்கிற சாதக நேரம், அதை விற்றுவிட்டால் கை போய்விடும். வாரம் மூன்று நாள் மட்டும் காலை வகுப்பு, மற்ற நாட்களில் சாதகம் என்று வைத்திருக்கிறேன். இரண்டு பேர் கூடுதலாகச் சேரக் கேட்டும் சேர்க்கவில்லை.

வரி விஷயம் ஒரு வரி: சாஸ்திரிய இசைக் கச்சேரி ஒன்றுக்கு வாங்குகிற கட்டணம் ஒன்றரை லட்சம் ரூபாய் வரைக்கும் ஜிஎஸ்டி விலக்கு உண்டு, ஆனால் வருமான வரி உண்டு, ஆகவே வாங்குகிற ஒவ்வொரு சன்மானத்தையும் வகுப்புப் பணத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது அந்த நோட்டும் தாக்கல் செய்த கணக்கும்தான் பேசும், வாங்கிய பட்டங்கள் பேசாது.

உடம்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விரல் நுனி வெடிப்பது, மணிக்கட்டு வலி, சம்மணமிட்டு உட்கார்ந்து இடுப்பும் முட்டியும் போவது எல்லாம் நம் தொழிலில் வருகிறவை. முழுநேரக் கச்சேரிக்காரருக்கு ஒரு மாதம் கை படுத்தால் ஒரு மாத வருமானம் இல்லை. வகுப்புக்காரர் வாயால் சொல்லிச் சமாளிக்கலாம், பள்ளி வேலைக்காரருக்கு மருத்துவ விடுப்பு இருக்கும். குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான் சம்பாதிக்கிறவர் என்றால் இந்த ஒன்றுக்காகவே இரண்டு வழியில் வருமானம் வைத்திருக்க வேண்டும் என்பேன்.

அப்புறம் அந்தப் பையனிடம் ஒரு தாளைக் கொடுத்து, அடுத்த வருடத்தின் ஒரு வாரத்தை வரையச் சொன்னேன். ஏழு நாள், ஒவ்வொன்றிலும் விடிகாலை, பகல், மாலை என்று மூன்று கட்டம். மாலைக் கட்டங்களில் ஐந்து காலியாக இருக்க வேண்டும், அது கச்சேரிக்கோ கச்சேரி கேட்கப் போவதற்கோ மட்டும். மீதி பதினாறு கட்டத்தில் எதை வேண்டுமானாலும் போடு, வீட்டுக்குத் தேவையான பணம் அதில் வருகிறதா பார் என்றேன். அவன் மேடை வேண்டும் என்று உறுதியாக இருப்பதால் இந்தக் கணக்கு. "எனக்குக் கூட்டத்தின் முன்னால் உட்காருவதைவிட ஒரு குழந்தைக்கு முதல் கோர்வை சமத்தில், தாளத்தின் முதல் அடியில், வந்து விழுகிற நிமிஷம்தான் பிடித்திருக்கிறது" என்று சொல்கிற பிள்ளையும் என்னிடம் உண்டு. அவளுக்கு ஐந்து மாலையிலும் வகுப்பு போடச் சொன்னேன், கச்சேரி மாதம் ஒன்று போதும் என்றேன், அவள் எடுக்கிற வகுப்பைப் பார்த்தால் என் குரு நினைவுக்கு வருகிறார்.

பையனுக்கு மாடி வகுப்பு முதலில் அடிபட்டது, மாலை போய்விடும் என்பதால். அவன் அப்பாவுக்கு வருத்தம்தான், பத்து வருடம் கழித்துக் கூரை போட்டுக்கொள்ளலாம் என்று நானே பேசினேன். பள்ளி வேலையை எடுத்துக்கொண்டான். நாட்டியப் பள்ளிக்கு மாதம் இரண்டு ஞாயிறு மட்டும் வருகிறேன் என்று கேட்டிருக்கிறான், அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. புதன், வெள்ளி காலை ஐந்தரைக்கு என்னுடைய கலிபோர்னியா மாணவர்கள் இருவரை அவனிடம் மாற்றிக் கொடுத்தேன். இந்த மார்கழிக்கு மூன்று பகல் கச்சேரி வந்திருக்கிறது, அதில் ஒன்று 19-ஆம் தேதி, அரையாண்டுத் தேர்வு நடக்கிற நாள். விடுப்புக் கடிதத்தை நேற்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.